குரோனியின் ரெஃப்கிளாக் லாக்: அளவீடு எந்த இடத்தில் நின்றுபோகிறது?

ராஸ்பெர்ரி பையில் ஒரு ஜிபிஎஸ் ரிசீவரை மாட்டி, குரோனி என்ற நேர ஒத்திசைவு நிரலை வைத்துச் சொந்தமாக ஒரு நேர சர்வர் அமைப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ரெஃப்கிளாக்ஸ்.லாக் என்ற கோப்பைத் திறக்க வேண்டி வரும். ரெஃப்கிளாக் என்பது கணினியோடு நேரடியாக இணைத்த நேர மூலம்; அதன் அளவீடுகள் இந்தக் கோப்பில்தான் விழும். பல்ஸ் வருகிறது, விளக்கு மின்னுகிறது, ஆனால் குரோனி அதைக் கண்டுகொள்ளவில்லை. அல்லது கண்டுகொள்கிறது, ஆனால் நேரம் ஒரு நொடி தள்ளி இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் கான்ஃபிக்கை மாற்றி மாற்றி ரீஸ்டார்ட் செய்வதைவிட, லாக்கை நிதானமாகப் படிப்பது வேகமான வழி.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எல்-ஓ-ஜி என்பதும் எல்-ஓ-சி-கே என்பதும் தமிழில் ஒரே மாதிரி விழுவதால், முதலாவதை லாக் என்றும் இரண்டாவதைப் பூட்டு என்றும் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. ஜிபிஎஸ்டி என்ற நிரல் ரிசீவர் இடத்தையும் நேரத்தையும் எழுத்தில் சொல்லும் என்எம்இஏ வாக்கியங்களைச் சீரியல் வழியே படித்து, பகிர்வு நினைவகம் வழியாக, அதாவது எஸ்எச்எம் வழியாகக் குரோனிக்குத் தருகிறது. நொடிக்கு ஒருமுறை வரும் பிபிஎஸ் பல்ஸைக் குரோனி நேராகக் கெர்னலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

ரெஃப்கிளாக் எஸ்எச்எம் 0 ரெஃப்ஐடி என்எம்இஏ ஆஃப்செட் 0.5 டிலே 0.2 நோசெலக்ட்
ரெஃப்கிளாக் பிபிஎஸ் /டெவ்/பிபிஎஸ்0 பூட்டு என்எம்இஏ ரெஃப்ஐடி பிபிஎஸ்
லாக்டிர் /வார்/லாக்/குரோனி
லாக் ரெஃப்கிளாக்ஸ்

வரியைப் படிப்பது எப்படி

எல்லாம் சரியாக இருந்தால் கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கும்:

2025-03-14 06:12:27.512384 என்எம்இஏ 7 என் 0 -5.123840இ-01 -1.238400இ-02 1.214இ-06

இடமிருந்து எண்ணினால், முதல் இரண்டு பத்திகள் தேதி, நேரம். மூன்றாவது கடிகாரத்தின் பெயர். நான்காவது, ஒரு சுற்றுக்குள் இது எத்தனையாவது அளவீடு என்ற வரிசை எண். ஐந்தாவது லீப் நொடி நிலை: என் என்றால் சாதாரணம், கூட்டல் குறி இருந்தால் ஒரு நொடி சேரப்போகிறது, கழித்தல் குறி இருந்தால் குறையப்போகிறது. ஆறாவது, இது பிபிஎஸ் அளவீடா என்பது: ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

அடுத்த இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது. ஏழாவது, டிரைவர் அளந்த பிழை அப்படியே. எட்டாவது, நீங்கள் கொடுத்த ஆஃப்செட் முதலிய திருத்தங்களைச் சேர்த்த பிறகு வரும் பிழை. எட்டாவது நேர்மமாக இருந்தால் உங்கள் கணினிக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது; எதிர்மமாக இருந்தால் முந்திக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள வரியில் என்எம்இஏ வாக்கியம் 0.512 நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. ஆஃப்செட் 0.5 அதில் பெரும்பகுதியைச் சரிக்கட்ட, எட்டாம் பத்தியில் 12 மில்லிநொடிதான் மிச்சம். கடைசிப் பத்தி, அந்த அளவீட்டில் இருக்கக்கூடிய நிச்சயமின்மை.

இடையிடையே வரிசை எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடு போட்ட வரிகளும் வரும். அவை ஒரு சுற்றில் சேர்ந்த அளவீடுகளை வடிகட்டிக் கிடைத்த ஒற்றை முடிவு. குரோனி கடிகாரத்தைத் திருத்தப் பயன்படுத்துவது இந்தக் கோடு போட்ட வரியைத்தான். இயல்பான அமைப்பில் நொடிக்கு ஒரு அளவீடு, 16 நொடிக்கு ஒரு வடிகட்டிய முடிவு. எனவே 0 முதல் 15 வரை பதினாறு வரிகள், அப்புறம் ஒரு கோடு வரி.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. குரோனி தான் ஏற்றுக்கொண்ட அளவீட்டை மட்டுமே இந்தக் கோப்பில் எழுதுகிறது. தள்ளிவிட்டதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் "வரி இல்லை" என்றால் இரண்டில் ஒன்று: அளவீடு வந்தே சேரவில்லை, அல்லது வாசல் வரை வந்து திருப்பி அனுப்பப்பட்டது. இவ்விரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

"கோப்பே உருவாகவில்லை"

பெரும்பாலும் சில்லறைக் காரணம்தான். டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஆகியவற்றில் கான்ஃபிக் கோப்பு /இடிசி/குரோனி/குரோனி.கான்ஃப் என்ற இடத்தில் இருக்கும். ஃபெடோரா, ரெட்ஹாட் வகையில் /இடிசி/குரோனி.கான்ஃப். ஒன்றுக்காக எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து மற்றொன்றில் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கிவிட்டால், அதை யாரும் படிக்கப்போவதில்லை. லாக்டிர் வரி இல்லையென்றாலும் கோப்பு வராது. ரெஃப்கிளாக்ஸ் என்பதில் கடைசி எஸ் விட்டுப்போனால் குரோனி கிளம்பவே கிளம்பாது. கணினியின் ஜர்னல் பதிவில் வரி எண்ணோடு பிழை இருக்கும்.

குரோனியைக் கட்டுப்படுத்தும் கருவியான குரோனிசியின் ரீலோட் சோர்சஸ் கட்டளை நெட்வொர்க் சர்வர் பட்டியலை மட்டும்தான் மறுபடி படிக்கும். ரெஃப்கிளாக் வரியையோ லாக் வரியையோ மாற்றினால் சேவையை முழுசாக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

லாக்கை யூஎஸ்பி டிஸ்க்குக்கோ வேறு அடைவுக்கோ மாற்றியிருந்தால், அடைவின் உரிமையாளரைப் பாருங்கள். பின்னணியில் ஓடும் குரோனிடி நிரல் ரூட்டாகத் தொடங்கினாலும் பிறகு தனிப் பயனராக இறங்கிவிடும்: டெபியனில் அடிக்கோடு சேர்ந்த _குரோனி, ரெட்ஹாட்டில் குரோனி. உரிமை சரியாக இருந்தும் எழுத முடியவில்லையா? உபுண்டுவில் ஆப்ஆர்மர், ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ், அதற்கும் மேலே சிஸ்டம்டி சேவைக் கோப்பின் ரீட்ரைட்பாத்ஸ் வரி. மூன்றுமே வழக்கமான /வார்/லாக்/குரோனி அடைவைத்தான் அனுமதித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றாகத் தளர்த்துவதைவிட, வழக்கமான அடைவிலேயே எழுதவிட்டு அங்கிருந்து நகலெடுத்துக்கொள்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இன்னொரு விஷயம்: முதல் அளவீடு எழுதப்படும்போதுதான் கோப்பு உருவாகும். ஆகவே கோப்பு இல்லை என்பது, லாக் அமைப்பு சரியாக இருந்தும் ஒரு அளவீடுகூட ஏற்கப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம். லாக் வரியில் மெஷர்மெண்ட்ஸ் என்பதையும் சேர்த்துவிட்டு, ஒரு நெட்வொர்க் சர்வரையும் கான்ஃபிக்கில் வைத்துப் பாருங்கள். மெஷர்மெண்ட்ஸ்.லாக் வந்துவிட்டது, ரெஃப்கிளாக்ஸ்.லாக் வரவில்லை என்றால் லாக் பக்கம் பிழை இல்லை.

"என்எம்இஏ வரிகளே வரவில்லை"

ஜிபிஎஸ்டி பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சிஜிபிஎஸ் கட்டளையில் நிலை 3டி ஃபிக்ஸ் என்று, அதாவது செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் கணித்தாகிவிட்டது என்று காட்டுகிறதா? இல்லையென்றால் ஆண்டெனாவை ஜன்னலுக்கோ மாடிக்கோ கொண்டுபோங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபிக்ஸ் இருக்கிறது, ஆனால் சிஜிபிஎஸ்ஸை மூடியவுடன் லாக்கும் நின்றுவிடுகிறது என்றால் காரணம் உறுதி: ஜிபிஎஸ்டியைக் கழித்தல் என் என்ற அளபுரு இல்லாமல் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த அளபுரு இல்லாவிட்டால், யாராவது கிளையன்ட் வந்து கேட்கும்வரை ஜிபிஎஸ்டி ரிசீவரைத் தொடவே தொடாது. குரோனி எஸ்எச்எம்மைப் படிப்பது கிளையன்ட் கணக்கில் சேராது.

அடுத்தது எந்தப் பகிர்வுப் பகுதி என்பது. ஐபிசிஎஸ் கட்டளையைக் கழித்தல் எம் சேர்த்து ஓட்டினால் சாவிப் பத்தியில் 0x4e545030 என்று ஆரம்பித்துச் சில எண்கள் தெரியும். கடைசி இலக்கம் 0 என்றால் எஸ்எச்எம் 0; 1, 2, 3 என்றால் அந்தந்த எண். ஜிபிஎஸ்டி ரூட்டாகத் தொடங்கினால் முதல் ரிசீவருக்கு 0, 1 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். சாதாரணப் பயனராகத் தொடங்கினால் 2, 3. இரட்டைப்படை எண்ணில் சீரியல் நேரம், ஒற்றைப்படையில் பிபிஎஸ் நேரம். ஜிபிஎஸ்டி 2இல் எழுத, குரோனி 0ஐப் படித்துக்கொண்டிருந்தால் இருவரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள்; நீங்கள் எண்ணை மாற்ற வேண்டும். ஜிபிஎஸ்டி தொகுப்போடு வரும் என்டிபிஎஸ்எச்எம்மான் என்ற கருவி, எந்தப் பகுதியில் அளவீடு விழுகிறது என்று நேரலையில் காட்டும். அளவீட்டைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துவிட்டுப் போகும் கருவி என்பதால் தைரியமாக ஓட்டலாம்.

எஸ்எச்எம்முக்குப் பதில் சாக் டிரைவரைப் பயன்படுத்துபவர்கள் தொடக்க வரிசையைக் கவனியுங்கள். சாக்கெட்டை உருவாக்குவது குரோனி. அதைத் தேடி இணைவது ஜிபிஎஸ்டி. ஆகவே குரோனி முதலில், ஜிபிஎஸ்டி பிறகு. குரோனியை ரீஸ்டார்ட் செய்தால் கையோடு ஜிபிஎஸ்டியையும் செய்துவிடுங்கள். சாக் வழியில் லாக்கின் வரிசை எண் பத்தி எப்போதும் 0 என்றே இருக்கும். அதைப் பிழை என்று நினைத்துத் துரத்த வேண்டாம். குரோனி அந்த டிரைவரைப் போய்க் கேட்பதில்லை, வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

"என்எம்இஏ வருகிறது, பிபிஎஸ் மட்டும் ஒரு வரிகூட இல்லை"

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் கேள்வி, பல்ஸ் கெர்னல் வரை வருகிறதா? பிபிஎஸ்டெஸ்ட் /டெவ்/பிபிஎஸ்0 என்று ஓட்டுங்கள். நொடிக்கு ஒரு வரி வந்து, அசெர்ட் என்பதன் வரிசை எண் ஒவ்வொன்றாக ஏறினால் வருகிறது. டைம்அவுட் என்று சொன்னால் வரவில்லை. அப்படியானால் குரோனியை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். பையில் /பூட்/ஃபெர்ம்வேர்/கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லே சேர்த்து ஜிபிஐஓ எண் 18 என்று கொடுப்பது வழக்கம். இந்த 18 என்பது ஜிபிஐஓ எண். போர்டின் பின் வரிசையில் அது 12ஆவது பின். 18ஆவது பின்னில் வயரைச் செருகினால் அது ஜிபிஐஓ 24. கெர்னல் வேறெங்கோ காத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, யூபிளாக்ஸ் ரிசீவர்கள் பலவற்றில் தொழிற்சாலை அமைப்புப்படி ஃபிக்ஸ் கிடைத்த பிறகுதான் பல்ஸ் வெளியே வரும். அறைக்குள் வைத்துச் சோதித்தால் பல்ஸ் இல்லை என்றுதான் தோன்றும்.

பிபிஎஸ்0 என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். சில நெட்வொர்க் கார்டுகளில் உள்ள பிடிபி கடிகாரமும் (நெட்வொர்க் வழி நேர ஒத்திசைவுக்கான வன்பொருள் கடிகாரம்) ஒரு பிபிஎஸ் சாதனமாகப் பதிவாகும். ரீபூட்டுக்குப் பிறகு வரிசை மாறலாம். /சிஸ்/கிளாஸ்/பிபிஎஸ்/பிபிஎஸ்0/நேம் கோப்பைப் படித்தால் அது யாருடையது என்று தெரியும்.

கெர்னல் வரை வருகிறது, குரோனியில் மட்டும் இல்லை என்றால், அளவீடு வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறது. ஏன்? பல்ஸ் "இப்போது ஒரு நொடி தொடங்குகிறது" என்று மட்டும்தான் சொல்லும். எந்த நொடி என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல என்எம்இஏ வேண்டும். பூட்டு விருப்பம் செய்வது இதைத்தான்: பல்ஸை என்எம்இஏ சொல்லும் நொடியோடு பொருத்திப் பார்க்கிறது. அப்படிப் பொருத்தும்போது இரண்டுக்கும் நடுவே 0.4 நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்ஸ் நிராகரிக்கப்படும். குரோனி 4.1க்கு முந்தைய பதிப்புகளில் இந்த வரம்பு 0.2 நொடிதான், பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி.

என்எம்இஏ வாக்கியம் நொடி தொடங்கிய பிறகு கணக்கிடப்பட்டு, சீரியல் கம்பியில் எழுத்தெழுத்தாக வந்து, வாக்கியம் முடிந்து, ஜிபிஎஸ்டி புரிந்துகொண்டு எழுதும்போது அரை நொடி ஓடிப்போவது சர்வசாதாரணம். ஆஃப்செட் கொடுக்காமல் விட்டால் எட்டாம் பத்தியில் -5.04இ-01 போல ஏதாவது வரும். 0.504, வரம்புக்கு வெளியே. ஒவ்வொரு பல்ஸும் திரும்பிப்போகும், லாக்கில் ஒரு வரிகூட விழாது.

சரி, எவ்வளவு ஆஃப்செட் கொடுப்பது? இரண்டு ரெஃப்கிளாக்குக்கும் நோசெலக்ட் போடுங்கள்; அளக்கலாம், ஆனால் கடிகாரத்தைத் திருத்தப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் பொருள். நம்பகமான இரண்டு மூன்று நெட்வொர்க் சர்வர்களைச் சேர்த்து, குரோனி அவற்றோடு ஒத்திசையும் வரை விடுங்கள். பிறகு என்எம்இஏவின் எட்டாம் பத்தியைப் பாருங்கள். சராசரியாக -0.504 என்றால் ஆஃப்செட்டை 0.504 கூட்டுங்கள். குரோனிசி சோர்ஸ்ஸ்டாட்ஸ் கட்டளையிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே குறி தலைகீழாக +504 மில்லிநொடி என்று வரும். இரண்டையும் கலந்து பார்த்துக் குழம்பி, எதிர்ப்பக்கம் திருத்திவிட்டால் வித்தியாசம் ஒரு நொடியாகிவிடும். இந்த எண் மைக்ரோநொடித் துல்லியமாக இருக்கத் தேவையில்லை. 0.4க்குள் வசதியாக உட்கார்ந்தால் போதும்; துல்லியம் பல்ஸின் பொறுப்பு.

நோசெலக்ட் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த லாக் காட்டுவது உங்கள் கணினிக் கடிகாரத்துக்கும் அந்த மூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடிகாரத்தை ஓட்டுவதே என்எம்இஏ என்றால், என்எம்இஏ வரிகள் எப்போதும் சுழியை ஒட்டியே இருக்கும். கணினி நேரம் முழுசாக அரை நொடி தள்ளிப்போயிருக்கும், லாக்கோ பளிச்சென்று இருக்கும். வெளியே வேறொரு மூலம் கடிகாரத்தைப் பிடித்துவைத்திருந்தால்தான் என்எம்இஏவின் உண்மையான தாமதம் கண்ணில் படும்.

ஆஃப்செட் சரி, இன்னும் வரவில்லையா? பூட்டுக்குப் பின் எழுதிய பெயரும், எஸ்எச்எம் வரியில் கொடுத்த ரெஃப்ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ரிசீவரை ஐந்து நொடிக்கு ஒருமுறை வாக்கியம் அனுப்பும்படி வைத்திருந்தால், பல்ஸ் வரும்போது கையில் உள்ள என்எம்இஏ அளவீடு பழசாகிப்போயிருக்கும். மேக்ஸ்லாக்கேஜ் என்ற விருப்பத்தின் இயல்பு மதிப்பு 2 பல்ஸ்; அதைக் கூட்ட வேண்டும். பூட்டே இல்லாமல் பிபிஎஸ் வைத்திருந்தால், குரோனி ஏற்கெனவே வேறு மூலத்தோடு ஒத்திசைந்திருந்தால்தான் பல்ஸை ஏற்கும். நெட்வொர்க்கே இல்லாத பெட்டியில் அது நடக்கப்போவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் புரியவில்லையென்றால், உங்கள் குரோனிடி பிழைத்திருத்த வசதியோடு தொகுக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், சேவையை நிறுத்திவிட்டுக் கழித்தல் டி அளபுருவை இரண்டு முறை கொடுத்து முன்னணியில் ஓட்டிப் பாருங்கள். லாக்கில் வராத நிராகரிப்புகள் அங்கே காரணத்தோடு வரும்.

"பிபிஎஸ் சில நேரம் வருகிறது, சில நேரம் காணோம்"

முந்தைய அறிகுறியின் தம்பி. என்எம்இஏவின் எட்டாம் பத்தி வரம்பை ஒட்டி அலைகிறது. உள்ளே வரும்போது பல்ஸ் ஏற்கப்படுகிறது, வெளியே போகும்போது இல்லை.

அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் சீரியல் வேகம். 9600 பாடில் நொடிக்கு ஏறக்குறைய 960 எழுத்துகள்தான் போகும். என்எம்இஏ வாக்கியம் ஒன்று அதிகபட்சம் 82 எழுத்து, அதாவது 85 மில்லிநொடி. ஜிஎஸ்வி என்ற வாக்கியம் நான்கு செயற்கைக்கோளுக்கு ஒன்று வீதம் வரும். வானத்தில் இருபதுக்கு மேல் தெரிந்தால் ஜிஎஸ்வி மட்டுமே அரை நொடியைத் தின்றுவிடும். செயற்கைக்கோள்கள் ஏறி இறங்க, தாமதமும் கூடிக் குறையும். ஆஃப்செட்டைத் திரும்பத் திரும்பத் திருத்துவதில் பயனில்லை. ரிசீவரில் ஆர்எம்சி போன்ற தேவையான வாக்கியங்களை மட்டும் வைத்து மற்றதை நிறுத்துங்கள், அல்லது வேகத்தை 38400க்கோ 115200க்கோ உயர்த்துங்கள். மாற்றிய பின் ஆஃப்செட்டை மறுபடி அளக்க மறக்காதீர்கள்; தாமதம் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கும்.

"வரிகள் வருகின்றன, கோடு போட்ட வரி மட்டும் வரவில்லை"

வடிகட்டி பட்டினி கிடக்கிறது. இயல்பான அமைப்பில் ஒரு சுற்றுக்குள் குறைந்தது 4 அளவீடு சேர்ந்தால்தான் வடிகட்டிய முடிவு கிடைக்கும். வரிசை எண் பத்தியைப் பாருங்கள். 0, 1, 2 என்று ஒழுங்காகப் போகாமல் 3, 9, 14 என்று தாவினால் நடுவில் உள்ளவை தொலைந்திருக்கின்றன. மேலே சொன்ன அலைச்சலா, ஆண்டெனாவா என்று பின்னோக்கிப் போங்கள். வரிசை ஒழுங்காக இருந்தும் முடிவு இல்லையென்றால், கான்ஃபிக்கில் மேக்ஸ்டிஸ்பர்ஷன் என்று யாராவது இறுக்கமாக ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். இயல்பில் அந்த வரம்பு கிடையாது.

"எல்லாம் வருகிறது, ஆனால் முழு எண்ணில் தள்ளி இருக்கிறது"

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

எட்டாம் பத்தியில் பிபிஎஸ் சரியாக -1.000000இ+00 அளவில் நிற்கிறதா? என்எம்இஏ தாமதம் 0.6 நொடியைத் தாண்டிவிட்டது. 0.7 நொடி தாமதம் என்றால், பக்கத்துப் பல்ஸுக்கும் அதற்கும் 0.3 நொடிதான் வித்தியாசம்; வரம்புக்குள் வருவதால் குரோனி சந்தோஷமாகத் தவறான நொடியோடு பொருத்திக்கொள்கிறது. பல்ஸே வராமல் இருப்பதைவிட இது ஆபத்தானது, ஏனெனில் மற்ற எல்லாக் குறியீடுகளும் நன்றாக இருக்கும். ஆஃப்செட்டைச் சரிசெய்யுங்கள்.

+18 என்றால், யுடிசிக்குப் பதில் ஜிபிஎஸ் நேரம் அப்படியே வருகிறது. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 18 நொடி. சில நொடிகள் மட்டும் தள்ளி, ரிசீவரை இயக்கிக் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டால், அது லீப் நொடித் தகவலுக்காகக் காத்திருந்தது. அந்தத் தகவல் அடங்கிய செய்தி 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் செயற்கைக்கோளிலிருந்து வரும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இது நடந்தால் ரிசீவரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

+37 என்றால் நீங்கள் ஜிபிஎஸ்ஸை விட்டு, நெட்வொர்க் கார்டின் பிடிபி கடிகாரத்தைப் படிக்கும் பிஎச்சி டிரைவருக்குப் போயிருப்பீர்கள். பிடிபி கடிகாரம் லீப் நொடி சேர்க்காத டிஏஐ நேரத்தில் ஓடுகிறது. ரெஃப்கிளாக் வரியில் டிஏஐ விருப்பத்தைச் சேர்த்து, லீப்செக்டிஇசட் வரியில் ரைட்/யுடிசி என்று கொடுங்கள். அந்த நேரமண்டலத் தரவு கணினியில் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏழாம் பத்தியில் -6.193152இ+08 போன்ற பூதாகரமான எண் வந்தால் பயப்படாதீர்கள். அது 61,93,15,200 நொடி, அதாவது சரியாக 1024 வாரம். ஜிபிஎஸ் வார எண் 10 பிட்டில் அனுப்பப்படுவதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழிக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் நடந்தது, அடுத்தது 2038 நவம்பரில். பழைய ரிசீவர் எந்தச் சுழற்சியில் இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறது. ரிசீவர்தான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்: ஜிபிஎஸ்டி 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில் இருந்த ஒரு பிழை, 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 2002 மார்ச்சுக்குத் தள்ளிவிட்டது. இன்னும் அந்தப் பதிப்பை ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

"பிபிஎஸ் சரியாக 0.1 நொடி தள்ளி நிற்கிறது"

பல்ஸின் தவறான விளிம்பை எடுக்கிறீர்கள். ஏறும் விளிம்பில் நொடி தொடங்குகிறது. குரோனி இறங்கும் விளிம்பை அளக்கிறது. யூபிளாக்ஸில் இயல்பான பல்ஸ் அகலம் 100 மில்லிநொடி என்பதால் இந்த 0.1. வேறு ரிசீவரில் வேறு எண் வரலாம். சீரியல் போர்ட்டின் டிசிடி கம்பி வழியே சிக்னல் தலைகீழாகும் போர்டுகளில் இது சகஜம். ரெஃப்கிளாக் வரியில் சாதனப் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு கிளியர் என்று சேர்த்தால் மறு விளிம்புக்கு மாறும். ஆஃப்செட் 0.1 போட்டு மறைப்பவர்களும் உண்டு. பல்ஸ் முடியும் விளிம்பு தொடங்கும் விளிம்பின் அளவு துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதால் அந்த வழி வேண்டாம்.

"லாக் அருமையாக இருக்கிறது, ஆனால் குரோனி தேர்ந்தெடுக்கவில்லை"

இந்தக் கோப்பின் எல்லை வடிகட்டியோடு முடிந்தது. தேர்வு அதற்குப் பிறகு நடக்கிறது, எனவே இங்கே தேடிப் பயனில்லை. குரோனிசி சோர்சஸ் கட்டளையில் ரெஃப்கிளாக்குகள் எண்குறியோடு (#) வரும். அதன் பக்கத்தில் எக்ஸ் என்று இருந்தால், மற்ற மூலங்களோடு ஒத்துப்போகாததால் பொய்க் கடிகாரம் என்று குரோனி ஒதுக்கியிருக்கிறது. என்எம்இஏவுக்கு நோசெலக்டும் இல்லை, டிலேயும் கொடுக்கவில்லை என்றால் இப்படி ஆகும். நூறு மில்லிநொடி அலைகிற ஒரு மூலம் தன்னை மைக்ரோநொடித் துல்லியம் என்று சொல்லிக்கொண்டு பிபிஎஸ்ஸோடு சண்டை போடும். குரோனிசி செலக்ட்டேட்டா கட்டளை ஒவ்வொரு மூலமும் ஏன் ஒதுக்கப்பட்டது என்று எழுத்துக் குறியோடு சொல்லும்.

"லாக்கில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது"

பிழையே இல்லை. கோப்பில் உள்ள தேதியும் நேரமும் யுடிசி. இந்தியாவிலும் இலங்கையிலும் 5:30 கூட்டிப் படியுங்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 8 மணி நேரம். ஜர்னல் உள்ளூர் நேரத்தில் இருக்கும், இது யுடிசியில் இருக்கும். காலை 4 மணிக்கு நடந்ததைத் தேடும்போது முந்தைய நாள் தேதியில் தேட வேண்டும்.

"நள்ளிரவோடு லாக் நின்றுவிட்டது" / "டிஸ்க் நிரம்புகிறது"

லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றிவிட்டது. குரோனி இன்னும் பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே எழுதுகிறது. பெயர் மாற்றியவுடன் குரோனிசி சைக்கிள்லாக்ஸ் ஓட வேண்டும். வழக்கமான அடைவுக்கு விநியோகத்தோடு வரும் லாக்ரொட்டேட் அமைப்பே இதைச் செய்துவிடும். அடைவை மாற்றியவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, நொடிக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 86,400 வரி, மேலே 5,400 கோடு வரி. ஒரு வரி 80 பைட். ஒரு கடிகாரத்துக்கு நாளுக்கு ஏழு எம்பிக்கு மேல், என்எம்இஏவும் பிபிஎஸ்ஸும் சேர்ந்தால் பதினைந்து. டிஸ்க்குக்கு இது ஒன்றுமில்லை, பையின் எஸ்டி கார்டுக்கு வருடம் முழுவதும் என்றால் யோசிக்க வேண்டியதுதான். பிழை தேடும்போது மட்டும் லாக்கைத் திறந்துவைத்து, முடிந்ததும் அந்த வரியைக் கமெண்ட் செய்துவிடுவது என் விருப்பம். தினசரிக் கண்காணிப்புக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டிராக்கிங் லாக்குகளே போதும். கோப்பை நிரலால் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 32 வரிக்கு ஒருமுறை தலைப்பு நடுவில் புகும். லாக்பேனர் 0 என்று கொடுத்தால் வராது.

என்டிபிடி வைத்திருப்பவர்களுக்கு

என்டிபிடி இன்னொரு நேர சர்வர் நிரல். குரோனியின் இந்த லாக்குக்கு நேர் இணை அங்கே இல்லை. நெருங்கியது கிளாக்ஸ்டாட்ஸ்: ஸ்டாட்ஸ்டிர் வரியில் அடைவையும், ஃபைல்ஜென் வரியில் கிளாக்ஸ்டாட்ஸ் எனேபிள் என்பதையும் கொடுத்தால் கிடைக்கும். முதல் பத்தி மாற்றியமைத்த ஜூலியன் நாள் (2025 ஜனவரி 1 என்பது 60676), இரண்டாவது யுடிசி நள்ளிரவிலிருந்து நொடிகள், மூன்றாவது 127.127.20.0 போன்ற போலி முகவரி. இதில் 20 என்பது என்எம்இஏ டிரைவர், 22 பிபிஎஸ், 28 எஸ்எச்எம். கடைசியில் ரிசீவர் அனுப்பிய வாக்கியமே முழுசாக இருக்கும். பிழை எவ்வளவு என்று அங்கே தேடாதீர்கள், அதற்குப் பீர்ஸ்டாட்ஸ் இருக்கிறது. ஆனால் ரிசீவர் என்ன சொன்னது என்று எழுத்துக்கு எழுத்துப் பார்க்க இதுதான் வசதி. 1024 வாரப் பிழையா இல்லையா என்பது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உதவி கேட்டு இந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பும் முன் ஒன்றைச் செய்யுங்கள். வாக்கியத்துக்குள் உங்கள் வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கின்றன. என்எம்இஏ டிரைவரின் ஃபட்ஜ் வரியில் ஃபிளாக்4 1 என்று போட்டால், இனி எழுதப்படும் வரிகளில் இடம் மறைக்கப்படும். ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளில் அந்த எண்களை நீங்களேதான் அழிக்க வேண்டும்.